கொறங்காட்டின் பசியும் பசுமையும்

கொங்குநாட்டின் தென்பகுதியில், காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரங்களில், சுற்றிலும் முள்கிளுவை வேலி கட்டி, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும் வளரவிட்ட தனியார் மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். இது புறம்போக்கும் அல்ல, ஊர்ப்பொதுவும் அல்ல. ஒரு குடியானவக் குடும்பம் தன் பட்டா நிலத்தில் நெல்லோ சோளமோ விளைவிப்பதுபோல் புல்லை விளைவித்து, அதைத் தன் பண்டம்பாடிகளை விட்டே அறுவடை செய்துகொள்ளும் ஏற்பாடு அது. தமிழகத்தின் மற்றப் பகுதிகளில் மேய்ச்சல் என்றால் ஏரிக்கரையும் காட்டோரமும் அறுத்த வயலும்தான். மேய்ச்சலுக்கென்றே நிலத்தை ஒதுக்கி, வேலியடைத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊர்கள் இங்கே இருக்கும் அளவுக்கு வேறெங்கும் இல்லை.

இதற்குக் காரணம் வானம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்தச் சீமைக்கு ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்துவிடும். சித்திரை, வைகாசியில் இடிமழை இரண்டொன்று விழுந்தால் உண்டு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது காற்று மட்டுமே. மலைக்கு அப்பால் மழையை இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, கோடைமழைக்கு முளைத்த கொஞ்சநஞ்சப் புல்லையும் அது உலர்த்திவிட்டுப் போகும். மண்ணோ சரளையும் சுண்ணாம்புக்கல்லும் கலந்தது, ஆழமில்லாதது. பயிரை நம்பினால் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏமாற்றும். புல்லை நம்பினால் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. கொழுக்கட்டைப்புல்லின் வேர் ஆழமாகப் போகும். மேலே தாள் காய்ந்து வைக்கோலாகிவிட்டாலும் அடித்தூர் உயிரோடு உறங்கிக் கிடந்து, ஒரு நல்ல மழைக்குச் சில நாளில் பச்சை காட்டும்.

மாடும் வறட்சியும் கொங்கில் சேர்ந்தே பேசப்படுவது புதிதல்ல. பல்யானைச் செல்கெழு குட்டுவனைப் பாலைக் கௌதமனார் பாடிய பதிற்றுப்பத்தின் மூன்றாம் பத்து, கொங்கரை மாட்டு மந்தை உடையவர்களாகவே அடையாளம் காட்டுகிறது. கல்லை உடைத்துத் தோண்டிய கிணற்றில் சிறிதே ஊறிய நீரைக் கயிறு கட்டிய சிறு பாத்திரத்தால் மொண்டெடுக்க, மாடுகள் அதை மொய்த்து நிற்கும் காட்சி அங்கே வருகிறது. இன்று நாம் காணும் கிளுவை வேலி அக்காலத்தில் இருந்ததா என்பதற்கு அந்தப் பாட்டில் விடை தேடக்கூடாது. ஆனால் நீரும் தீவனமும் அளவாகவே கிடைக்கும் நாட்டில் மாடு வளர்ப்பதே வாழ்க்கை என்று இருந்த ஒரு மக்களின் தொடர்ச்சி அதில் தெரிகிறது.

வேலியிலிருந்துதான் கொறங்காடு தொடங்குகிறது. முள்கிளுவையின் கொம்பை வெட்டி நட்டால் வேர்பிடித்துக்கொள்ளும். நெருக்கி நட்ட கொம்புகள் சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று பின்னி, ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாத சுவராகிவிடும். கோடையில் இலையுதிர்த்துச் சாம்பல் நிறத்தில் நிற்கும் அந்த வேலி, மழை கண்டதும் தளிர்க்கும். அந்தத் தழையும் வெள்ளாட்டுக்குத் தீவனம். ஒரு மூலையில் ஒரே ஒரு கடவு, அதற்கு முள்ளால் கட்டிய படல். காலையில் படலைத் திறந்து உருப்படிகளை உள்ளே விட்டு மூடிவிட்டால், மாலை வரை மேய்ப்பவர் தேவையில்லை. பெரும்பாலான குடும்பங்கள் நிலத்தைச் சில ஏக்கர் கொண்ட தனித்தனிக் காடுகளாகப் பிரித்து, ஒன்றை மேயவிட்டு மற்றதை அடைத்து வைத்தன. முதலில் மாடு, எருமை, பிறகு செம்மறியாடு. மாடு நாக்கைச் சுழற்றிப் புல்லை வளைத்துப் பறிக்கும், அடிவரை போகாது. செம்மறியாடு தரையோடு ஒட்டக் கடிக்கும். வரிசை மாறினால் மாட்டுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காட்டை உழுது சோளமோ கம்போ கொள்ளோ விதைப்பார்கள். தட்டும் கிடைக்கும், இறுகிய மண்ணும் இளகும், மண்ணில் கிடந்த புல்விதையும் புதிதாக முளைக்கும்.

இப்படிப்பட்ட நிலத்தில் மாட்டின் உடல் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருந்ததில்லை. கார்த்திகை முதல் தை வரை புல் பசுமையாகவும் சத்தோடும் இருக்கும். மாடு தேறும், மயிர் பளபளக்கும். மாசியில் புல் முற்றி விதை உதிர்த்துவிட, புரதம் குறைந்து நார் கூடும். பங்குனி, சித்திரையில் காட்டில் இருப்பது நிற்கும் வைக்கோல்தான். இடுப்பெலும்புக்கு முன்னால் உள்ள பள்ளம் ஆழமாகும், விலா எண்ணத் தெரியும், பசு பருவத்துக்கு வருவது நிற்கும். கோடைமழை பெய்தால் சற்றே மீளும். ஆடிக்காற்றில் மறுபடி இளைக்கும். இரண்டு இறக்கம், ஒரு பெரிய ஏற்றம் என்பதே அதன் ஆண்டுக்கணக்கு.

இளைப்பது நோய் அல்ல. அது உடல் செய்யும் சிக்கனம். அசைபோடும் விலங்கின் குடலும் கல்லீரலும் எடையில் உடலின் சிறு பகுதியே ஆனாலும், உடல் செலவிடும் ஆற்றலில் 40 முதல் 50 விழுக்காட்டை அவையே எடுத்துக்கொள்கின்றன. தீவனம் குறைந்த சில வாரங்களில் இவ்வுறுப்புகள் சுருங்கிவிடும். அதனால் உயிரைத் தாங்கத் தேவைப்படும் தீவன அளவே இறங்கிவிடுகிறது. அதன்பின் கொழுப்பு கரையும், பிறகு தசை. புரதம் குறைந்த காய்ந்த புல்லைத் தின்னும்போது இன்னொரு ஏற்பாடும் முன்னுக்கு வருகிறது. சிறுநீரில் வெளியேற வேண்டிய யூரியாவை உடல் பிடித்து வைத்து, உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் அசையூண் இரைப்பைக்குத் திருப்பி அனுப்புகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைக்கொண்டு தங்கள் உடலைக் கட்ட, அந்த நுண்ணுயிர்களே கடைசியில் மாட்டுக்குப் புரதமாகின்றன. திமில் உள்ள இந்திய இன மாடுகளுக்கு உடலைத் தாங்கத் தேவைப்படும் ஆற்றல் ஐரோப்பிய இனங்களைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைவு என்பது கால்நடைத் தீவன அறிவியலில் ஏற்கப்பட்ட கணக்கு. இந்தச் சீமைக்குரிய காங்கேயம் மாடும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஆனாலும் உடலின் சிக்கனத்தை மட்டும் நம்பிக் குடியானவர் மாட்டை விட்டுவிடவில்லை. இளைப்பு எந்த எல்லையோடு நிற்க வேண்டும் என்பதில்தான் அவர்களுடைய தேர்ச்சி இருந்தது. முதல் காவல் வெள்வேல மரம். வேர் ஆழமாகப் போகும் மரம் என்பதால் புல் காய்ந்த பிறகும் அதில் இலையும் காயும் இருக்கும். கோடையில் நெற்று முற்றும்போது தொரட்டியால் கிளையை உலுக்கினால் காய் சடசடவென்று கொட்டும். சத்தம் கேட்டதும் ஆடுகள் காட்டின் மறுகோடியிலிருந்து ஓடிவரும். வைக்கோலில் இல்லாத புரதம் அந்த நெற்றில் உண்டு. விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளிவந்து முளைக்கும். கொறங்காட்டின் பல மரங்கள் இப்படி ஆடுமாடுகள் நட்டவை. மதிய வெயிலில் மந்தை ஒதுங்குவதும் அதே மரத்தடியில். இளைத்த மாடு நிழலில் படுத்து அசைபோடும் நேரம் அதற்கு மிச்சமாகும் தீவனம்.

அடுத்த காவல் கட்டுத்தரையை ஒட்டிய தட்டுப்போர். சோளத்தட்டும் கம்பந்தட்டும் போராக வேய்ந்து வைக்கப்பட்டு, கடலைக்கொடி, கொள்ளுப்பொட்டு ஆகியவை தனியே சேர்க்கப்படும். இது எல்லா உருப்படிக்கும் சமமாகப் பங்கிடப்பட்டதில்லை. கவலை இறைக்கும் எருதுகளுக்கு முதலிடம். காரணம் வெளிப்படை: புல் இல்லாத கோடையில்தான் கிணற்றுப் பாசனத்துக்கு வேலை அதிகம். தோலால் ஆன பறியைக் கிணற்றிலிருந்து மேலே இழுக்க எருதுகள் சரிவில் இறங்கி ஏறி நாளெல்லாம் நடக்க வேண்டும். அவற்றுக்கு ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கிடைத்தன. அடுத்து கறவை, சினைமாடு. வற்றிய பசுவும் கிடாரியும் காய்ந்த காட்டோடு காலம் தள்ளின. கடுமையாகத் தோன்றும் இந்தப் பங்கீடு சரியான பங்கீடே. இளைப்பைத் தாங்கக்கூடியவற்றை இளைக்கவிட்டு, தாங்காதவற்றுக்குத் தீவனத்தைக் காத்தார்கள்.

மழைக்கு முந்திய பசியைவிட மழைக்குப் பிந்திய தீனி ஆபத்தானது என்பது மந்தை வளர்க்கும் எல்லாச் சமூகங்களும் பட்டறிந்த உண்மை. மாதக்கணக்காக நாரை மட்டுமே உடைத்துப் பழகிய இரைப்பையில், நாரை உடைக்கும் நுண்ணுயிர்களே நிறைந்திருக்கும். அங்கே திடீரென்று தானியமோ அரிசிக்கஞ்சியோ போனால், மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும் வேறு நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். இரைப்பை அசைவது நிற்கும், கழிச்சல் காணும், மாடு படுத்துவிடும். இளைத்துப்போன மாட்டின் மேல் இரக்கப்பட்டு ஒரு பானைக் கஞ்சியை ஒரே வேளையில் வைத்து மாட்டை இழந்த வீடுகள் உண்டு. நுண்ணுயிர்க் கூட்டம் புதுத் தீவனத்துக்கு மாற இரண்டு மூன்று வாரமாவது வேண்டும்.

செம்மறியாட்டுக்கு வேறொரு எமன் உண்டு. மழை பெய்து இளம்புல் கிளம்பிய நாட்களில், பட்டியில் இருப்பதிலேயே கொழுத்த, பசியோடு மேய்ந்த ஆடு திடீரென்று துள்ளி விழுந்து இழுத்துச் சாகும். துள்ளுமாரி என்று ஆட்டுக்காரர் அழைக்கும் இந்நோய்க்குக் காரணம், எப்போதும் குடலில் சிறிதளவு வாழும் கிளாஸ்டிரிடியம் என்ற நுண்ணுயிர். செரிக்காத மாவும் சர்க்கரையும் ஒரேயடியாகக் குடலுக்கு வந்து சேரும்போது அது கட்டுக்கடங்காமல் பெருகி நஞ்சைச் சுரக்கிறது. மாட்டுக்கு இளஞ்சோளமும் அதே காலத்தில் அச்சம் தருவது. வறட்சியில் குன்றிய சோளப்பயிரிலும், அறுத்த தாளில் மழைக்குத் தழைக்கும் மறுதாம்பிலும் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். வெறும் வயிற்றோடு போய் அவசரமாகத் தின்னும் மாடு சில நிமிடங்களில் விழும். நன்றாகக் காய்ந்த தட்டில் அந்த நஞ்சு பெருமளவு குறைந்துவிடுகிறது.

கொறங்காட்டு வழக்கத்தின் மிகச் சிறந்த கூறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. மழை பெய்தவுடன் காட்டைத் திறந்துவிடுவதில்லை. படலைச் சாத்திக் காட்டை அடைத்து வைப்பார்கள். புல் தூர்கட்டிச் சற்று உயர்ந்த பிறகே உருப்படிகளை விடுவார்கள். அதுவரை கட்டுத்தரையில் மிஞ்சிய தட்டு, வரப்போரத்தில் பிடுங்கிய களை, வேலித் தழை என்று கலந்து போடுவார்கள். வழக்கத்தின் நோக்கம் புல்லைக் காப்பதுதான். கிளம்பிய குருத்தை உடனே கடிக்கவிட்டால் வேரில் சேமித்த சத்து தீர்ந்து தூரே செத்துவிடும். ஆனால் அதே வழக்கம் மாட்டின் வயிற்றையும் காத்தது. காய்ந்த தட்டிலிருந்து பச்சைக்கு ஒரே நாளில் தாவாமல், கலப்புத் தீனியோடு சில வாரங்கள் கழிய, இரைப்பைக்கு மாறிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. புல்லுக்காக விதித்த ஒழுங்கு மாட்டுக்கும் மருந்தானது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

படல் திறந்த பிறகு நடப்பதைப் பார்த்தவர்கள் வியக்காமல் இருக்க முடியாது. கோடை முழுதும் எலும்பும் தோலுமாகத் திரிந்த கிடாரி, குறையாமல் தீனி தின்று வளர்ந்த கிடாரியைப் பெருமளவு எட்டிப்பிடித்துவிடும். முதல் சில நாட்களில் ஏறும் எடை பெரும்பாலும் வயிற்றில் நிறைந்த புல்லும் நீரும்தான். உண்மையான வளர்ச்சி அதன்பிறகு வருகிறது. சுருங்கிய குடலும் கல்லீரலும் மீண்டும் பெருக்கும் வரை உடலைத் தாங்கும் செலவு குறைவாகவே இருக்கும். தின்னும் அளவோ கூடிவிடும். மிச்சமெல்லாம் தசையாகிறது; கொழுப்பு கடைசியில்தான் சேர்கிறது.

அறிவியல் இதை எழுத்தில் வைத்தது இருபதாம் நூற்றாண்டில். அமெரிக்காவின் மிசௌரியில் எச். ஜே. வாட்டர்ஸ், எடை கூடாத அளவுக்கே தீவனம் கொடுத்து வைத்த காளைக்கன்றுகள் உயரத்தில் மட்டும் வளர்ந்துகொண்டே போனதை 1908இல் பதிவு செய்தார். பசியிலும் எலும்பு வளர்ச்சியை உடல் கைவிடுவதில்லை என்பது அதனால் தெரிந்தது. 1915இல் ஆஸ்பர்னும் மெண்டலும் நெடுநாள் வளர்ச்சி தடைப்பட்ட எலிகள் தீவனம் கிடைத்ததும் மறுபடி வளர்ந்ததைக் காட்டினார்கள். ஈடுசெய் வளர்ச்சி என்ற கருத்து மாடுகளைப் பற்றிய ஆய்வில் அந்தப் பெயரோடு வந்தது 1955இல், போமன் என்பவரின் கட்டுரையில். ஈடுசெய்வதற்கும் எல்லை உண்டு என்பதையும் பின்வந்த ஆய்வுகள் காட்டின. பிறந்த சில மாதங்களுக்குள் கடும்பசியில் சிக்கிய கன்று பிற்பாடு எவ்வளவு தின்றாலும் முழு உருவத்தை அடைவதில்லை.

இனப்பெருக்கமும் இந்தச் சுழற்சியோடு இணைந்தது. கோடையில் பருவத்துக்கு வராத பசு, மழைப்புல்லில் தேறிய பிறகு கார்த்திகை, மார்கழியில் சினை பிடித்தால், ஒன்பதரை மாதம் கழித்து ஆவணி, புரட்டாசியில் கன்று போடும். கன்றுக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும்போது மழை இறங்கும். பால் மிகுதியாகத் தேவைப்படும் நாளில் தாய்க்குப் பச்சைப்புல் கிடைக்கும். காங்கேயம் பசு அதிகம் கறப்பதில்லை என்று குறை சொல்பவர்கள், அது கறந்த பால் எந்தப் புல்லிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒரு பருவமழை பொய்த்தால் தாங்கும் ஏற்பாடு இது. இரண்டு பொய்த்தால் தாங்காது. 1876இல் வடகிழக்குப் பருவமழை தவறி, அடுத்த ஆண்டும் வானம் கைவிட்டபோது, சென்னை மாகாணம் முழுவதையும் வாட்டிய தாது வருடப் பஞ்சம் கோயம்புத்தூர் மாவட்டத்தையும் உலுக்கியது. மனிதர் மாண்டதற்கு முன்பே மாடுகள் மாண்டன. மழை திரும்பிய பிறகும் உழ எருது இல்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது மாகாணமெங்கும் பொதுவான துயரம். தட்டுப்போர் தீர்ந்த இடத்தில் பனையோலை, கூரையில் வேய்ந்த பழம்புல், முள்ளைச் சுட்டுப் பொசுக்கிய சப்பாத்திக்கள்ளி என்று எதுவும் தீவனமானது. கள்ளியில் நீர் அதிகம், நார் குறைவு. தனியே தின்ற மாட்டுக்குக் கழிச்சல் கண்டு இன்னும் மெலியும். காய்ந்த தாளோடு நறுக்கிக் கலந்தால்தான் அது உதவும். 1920களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்த செதிற்பூச்சி தென்னிந்தியாவின் கள்ளிப் புதர்களைத் தின்று தீர்த்தபோது, உழவர்க்கு ஒரு களை ஒழிந்தது. பஞ்சத்துக்கென்று இருந்த கடைசித் தீவனமும் அதோடு போயிற்று.

பஞ்சத்துக்குப் பின் காங்கேயம் இனத்தைத் தேர்ந்தெடுத்துச் சீர்செய்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பரந்த கொறங்காடுகளில் பெரிய மந்தையை வைத்து, பொலிகாளைகளைத் தேர்ந்து பெருக்கிய நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் இந்த இனத்தின் வரலாற்றோடு ஒன்றிவிட்டது. 1909இல் கன் எழுதிய தென்னிந்திய மாடுகள் பற்றிய அறிக்கையிலும், 1936இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் நூலிலும் காங்கேயத்துக்குத் தனியிடம் கிடைத்தது. ஒன்று மட்டும் கவனிக்கத்தக்கது. இந்தத் தேர்வு தொழுவத்தில் கட்டிவைத்து ஊட்டி வளர்த்த மாட்டின் மேல் நடந்ததல்ல. கோடையை மேய்ச்சல் காட்டிலேயே கழித்து, கார்த்திகையில் தேறி எழுந்த மாட்டின் மேல் நடந்தது. ஆகவே திமில், கொம்பு, நிறம் இவற்றோடு, இளைத்து மீளும் திறனும் தலைமுறைதோறும் தேறி வந்திருக்க வேண்டும். சித்திரையில் கூடும் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காளையும் எருதும் வாங்க வெளிமாவட்டத்தார் வந்தது சும்மா அல்ல.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதி இந்தக் கணக்கைக் குலைத்தது. மின்மோட்டார் வந்து கவலை மறைந்தது. டிராக்டர் வந்து ஏர் எருது மறைந்தது. பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் நீர் காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் எட்டிய இடங்களில் காடுகள் தோட்டமாயின. ஆடிக்காற்று காற்றாலைகளுக்கு உதவ, நிலத்தின் விலை ஏறியது. பாலுக்காக வந்த கலப்பினப் பசு, கொறங்காட்டுக்குப் பொருந்தாத உயிர். நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேல் கறக்க வைக்கப்பட்ட அதன் உடலுக்கு இளைக்க அனுமதி இல்லை. ஒரு மாதம் தீனி குறைந்தால் பால் வற்றும், சினை தங்காது, வெயிலிலும் வாடும். ஆண்டு முழுவதும் ஒரே அளவில் தீவனம் வேண்டும் என்பதால் அது மேயும் மாடு என்ற நிலையிலிருந்து வாங்கிப்போடும் மாடாகிவிட்டது. மாட்டைப் பழிப்பதில் பொருளில்லை. அந்த மாட்டுக்குரிய தீவனப் பின்புலம் இல்லாத சீமையில் அதைப் பரப்பியதுதான் தவறு.

2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து, 1876இன் நினைவைப் பலரும் பேசும்படி ஆயிற்று. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. மலிவு விலையில் வைக்கோல் தரும் உலர்தீவனக் கிடங்குகள் திறக்கப்பட்டன. அதே மாதம் மெரினாவில் திரண்ட ஜல்லிக்கட்டுப் போராட்டம் நாட்டு மாடுகள் பக்கம் எல்லோர் கவனத்தையும் திருப்பியது. காளையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. அது மேய்ந்த காட்டைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. காங்கேயம் மாட்டைக் காக்க வேண்டுமானால் கொறங்காட்டை மனையாக்காமல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த நிலத்திலிருந்தே வருமானம் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

வறட்சி உதவியும் வைக்கோலோடு முடிந்துவிடுகிறது. பசிக்காலத்தில் எடையைத் தாங்கவாவது உலர்தீவனம், மழை பெய்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குப் பச்சையோடு கலந்து போடத் தட்டு, இளங்காட்டைத் திறப்பதில் பொறுமை: மூன்றும் சேர்ந்தால்தான் உருப்படி மீளும். ஆடு வளர்ப்போர் துள்ளுமாரித் தடுப்பூசியை மழை இறங்குவதற்கு முன்பே, ஆவணி புரட்டாசிக்குள், போட்டுவிட வேண்டும். புல் கிளம்பிய பிறகு போடும் ஊசிக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாகுமுன் நோய் வந்துவிடும்.